சைலன்சர் அமையாத கார்

பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்று செருப்புத் தேய அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காருக்கு சைலன்சர் அமையவில்லை என்று அலைந்தவர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். சித்தூரில் என் எஸ்.டி.டி. பூத்துக்கு எதிர்வீட்டுக்காரர். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் மாமா என்று கூப்பிடுவேன். அவரை மாமா ஆக்கிவிட்டால் வீட்டம்மா அத்தை ஆகிவிடுவார். அத்தை ஆகிவிட்டால் மத்தியானம் ஒரு கிண்ணம் குழம்பு தெருவைத் தாண்டி வரும். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு போன் பூத் நடத்திக்கொண்டிருந்தவனுக்கு அந்த அளவுக்காவது புத்தி வேலை செய்தது. மற்றதில் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

மாமா வெல்லமண்டியில் தரகர். வண்டியிலிருந்து இறங்கிய மூட்டையில் ஒரு உருண்டையை எடுத்து உடைப்பார். உடைந்த இடத்தை வெயிலில் ஒரு தடவை காட்டுவார். ஒரு துணுக்கு நாக்குக்குப் போகும். சுண்ணாம்பு தூக்கல், பாகு முறிந்தது, மழையில் நனைந்த கரும்பு என்று ஏதோ ஒன்று வாயிலிருந்து வரும். கொண்டுவந்த விவசாயி தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைப்பதற்குள் தீர்ப்பு முடிந்துவிடும். அவரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. அவர் சொன்னது தப்பென்று காட்டியவர்கள் இல்லை.

எல்லாவற்றிலும் அந்த வேகம்தான். ஒரு காலத்தில் நகரி பஸ் நிலையத்தில் கண்டக்டரைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்து ஒரு பெண் திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். பஸ் புத்தூர் போய்ச் சேர்வதற்குள் அது யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துவிட்டார். அடுத்த மாதம் கல்யாணம். இதை அத்தையிடம் கேட்டால், “அன்னிக்கி நான் நல்ல கோவத்துல இருந்தேன்பா. இவுருக்கு அதான் புடிச்சிதாம். இன்னிய வரைக்கும் அதத்தான் வாங்கித் துன்னுக்கினு கீறாரு” என்பார்.

அந்தக் காரை வாங்கியதும் அப்படித்தான். மூடிக் கிடந்த ஓர் ஆலையின் கொட்டகையில் அது கிடந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய பந்தயக் கார் ரகம். இரண்டே இரண்டு சீட்டு, துணிக் கூரை, தவளைக் கண் மாதிரி முன் விளக்கு. சிவப்பாக இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கும்போது செங்கல் நிறம். திருப்பதியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரே மகன் அதன் முன்னால் நின்று எச்சில் விழுங்கியதைப் பார்த்தார். காரைப் பார்த்தாரா என்பது சந்தேகம். “எத்துக்கோடா” என்றார். முடிந்தது.

பையன் லீவு நாளெல்லாம் அந்தக் காரின் கீழேதான் கிடந்தான். திருப்பதியிலிருந்து ஒரு தெலுங்கு மெக்கானிக் வருவார். இருவருமாக இன்ஜினைத் திறந்தார்கள், பிரேக் போட்டார்கள், சீட்டுக்குத் துணி மாற்றினார்கள். சைலன்சர் மட்டும் துருப்பிடித்து அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. அந்தக் காருக்கான அசல் சைலன்சரை, செய்த கம்பெனியே மறந்துபோயிருந்தது. வேறு யாராவது செய்ததைத்தான் தேடிப் பிடித்துப் போட வேண்டும். அதற்குள் பையனுக்கு விசா வந்துவிட்டது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளை அமெரிக்கா மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது.

கிளம்புகிற அன்றைக்குக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னான்: “சைலன்சர் ஒண்ணுதான் நைனா பாக்கி. அத்த மாட்டிட்டு எனக்குச் சொல்லு. லீவு போட்டு வந்து அம்மாவ இதுல திருப்பதி மலைக்குக் கூட்டிக்கினு போறேன்.”

“ரெண்டு பேரு சீட்டுதானே கீது?” என்றார் அத்தை. “நானும் எம்புள்ளயும் கார்ல போவோம். உங்க நைனா பஸ்ல வரட்டும்.”

தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு அத்தை வாரத்துக்கு ஒரு தடவை காரைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் இடது பக்க சீட்டில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். மலை எங்கே ஓடிவிடப் போகிறது, பஸ் ஏறினால் காலையில் போய் ராத்திரி திரும்பலாம். ஆனால் அவர் போகவில்லை. போனால் மகனோடு, அந்தக் காரில்தான். மகன் வருவது கார் கையில் இருந்தது. கார் சைலன்சர் கையில் இருந்தது. சைலன்சர் மாமா கையில் இருந்தது.

மாமாவோ திடீரென்று சம்பந்தம் பேசுகிற கிழவர் மாதிரி ஆகிவிட்டார்.

முதல் சைலன்சரை மெக்கானிக்கே அளவெடுத்து, பைப் வளைத்துச் செய்து கொண்டுவந்தார். மாட்டாமல் கையால் பிடித்தபடியே இன்ஜினை ஓட்டிக் காட்டினார். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. மாமா பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தார். காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

“சரியில்லப்பா. சத்தத்துல பிசுறு கீது.”

“பிசுறண்டே ஏமன்னா?” என்றார் மெக்கானிக். பிசுறென்றால் என்னவென்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

“பாகு கொஞ்சம் முந்தி எறக்கிட்டா வெல்லத்துல நாரு நாரா நிக்குமே. அது.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் படித்தவன் என்ற முறையில் தலையை ஆட்டினேன்.

இரண்டாவதுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார், புதுப்பேட்டைக்கு. கயிற்றில் வரிசையாகத் தொங்கிய பழைய சைலன்சர்களைச் சந்தையில் பானை தட்டுகிற மாதிரி விரலால் தட்டிக்கொண்டே நடந்தார். ஒன்றில் வாயை வைத்து ஊதியும் பார்த்தார். மூக்கு முழுக்கக் கரி. கடைக்காரன், “பெரியவரே, நாதஸ்வரம் அடுத்த தெரு” என்றான். அங்கே பிடித்த ஒன்று சித்தூர் வந்ததும் பிடிக்கவில்லை. “ரொம்ப சாது. எதுத்தாப்புல மாடு வந்தாகூட ஒதுங்காது.”

மெக்கானிக் வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, “சித்தூர்னு போன் வந்தாலே வழியில புத்தலப்பட்டு தாண்டும்போதே எனக்குத் தலைவலி வருது சார்” என்று என்னிடம் புலம்பிவிட்டுப் போனார்.

அதற்குள் நான் பூத்தில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, இன்டர்நெட் என்று போர்டும் மாட்டியிருந்தேன். போர்டு மாட்டி இரண்டு வாரம் கழித்துத்தான் அதை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரிந்தது. அதில் மாமாவுக்காகச் சீமை சைலன்சர்களைத் தேடி அச்செடுத்துக் கொடுப்பேன். வரன்களின் போட்டோ மாதிரி அதைக் கையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழிப்பார். ஒற்றைக் குழாய் என்றால் மூளி. இரட்டைக் குழாய் என்றால் பகட்டு. நேர்க்குழாய் என்றால் ஊரே எழுந்துவிடும். கண்ணாடிப் பஞ்சு அடைத்ததென்றால், “நாலு வருசத்துல அது எரிஞ்சிபூடும். அப்புறம் எவன் வந்து அடைப்பான்?” ஒவ்வொரு குறையும் நியாயமாகத்தான் இருக்கும். அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

நான் சும்மா இருந்தேனா? “மாமாவுக்கு மூல நட்சத்திரத்து சைலன்சர் ஆவாதாம்” என்று டீக்கடையில் சொன்னேன். “ஜாதகம் பொருந்திடுச்சி, செவ்வாய் மட்டும் இடிக்குது” என்றேன். நான் சொன்னதெல்லாம் மண்டி வரைக்கும் போய், அங்கே மூட்டை தூக்குகிறவர்களே, “இன்னா சாமி, பொண்ணு அமைஞ்சிதா?” என்று அவரைக் கேட்கத் தொடங்கினார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு உருண்டை வெல்லத்துக்கு இரண்டு நொடி எடுக்கிறவர், ஒரு குழாய்க்கு ஏன் வருடக்கணக்கில் எடுக்கிறார் என்று நான் கேட்டேன். கேட்டது சிரிக்க வைப்பதற்காக. பதில் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது, பெங்களூரில் பழைய கார் சாமான் வரவழைக்கிற ஒருவர் மூலமாக இங்கிலாந்திலிருந்தே வந்தது. பளபளவென்று எவர்சில்வர். அந்தக் காருக்கென்றே செய்தது. அத்தை தொட்டுப் பார்த்து, “எவர்சில்வரா? நம்ம சொம்பு மாதிரி கீதே!” என்று பூரித்துப் போனார். மாமா காகிதத்தைப் பிரித்தார், ஒரு தடவை உருட்டினார். “வெல்டிங் தையலு மேல்பக்கம் பாக்குது. சரியில்ல.” கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அத்தையின் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. “அவுரு சொன்னா சரியாத்தான் இருக்கும்பா. புள்ள வந்து உக்கார்றப்ப ஒரு கொறையும் இருக்கக் கூடாதுல்ல” என்றார் என்னிடம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமா வீட்டிலேயே போன் உண்டு. இருந்தும் ஒரு நாள் ராத்திரி, அத்தை தூங்கின பிறகு, அவர் என் பூத்துக்கு வந்து மகனுக்குப் போன் போட்டார். முதல் சைலன்சரை மெக்கானிக் கொண்டுவருவதற்கு முந்தின வாரம் அது. கண்ணாடிக் கூண்டுக்குள் மின்விசிறி ஓடாது. முதலில் அவர்தான் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“இன்னா மாமா, புள்ள இன்னா சொன்னான்?”

“லைன் சரியில்லப்பா” என்றார்.

வீட்டு பில்லுக்குப் பயந்துகொண்டு இங்கே வந்து பேசுகிறார் என்று அதையும் ஒரு வேடிக்கையாக்கி டீக்கடையில் விற்றேன்.

மூன்றாவது வருடம் மாமா குப்பம் என்கிற ஊருக்கு ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் போனார். அத்தைக்கு முட்டிவலி, போகவில்லை. அன்று மாலை குழம்புக் கிண்ணத்தோடு வந்தவர் சட்டென்று கேட்டார்: “ஏம்பா, கட்டிலுக்கு அடியில கீதே, அத்த மாட்டினா வண்டி ஓடாதா?”

“ஓடும் அத்தை. ஜோரா ஓடும்.”

“அப்ப மாட்டிடு. இவுரு பாத்துக்கினே இருப்பாரு. எனக்கு வயசாவுது.”

என் ஆயுளில் எனக்குக் கிடைத்த ஒரே கதாநாயகன் வேஷம் அது. மறுநாளே மெக்கானிக்கை வரவழைத்தேன். ஒரு மணி நேர வேலை. பழைய கொக்கிகளில் எவர்சில்வர் குழாய் அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. இன்ஜினை முடுக்கினார். கனமாக, அடங்கி, உருண்டு வருகிற ஒரு சத்தம். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, “பாகுந்தி” என்றார், நன்றாக இருக்கிறதென்று.

எனக்கு ஓட்டத் தெரிந்தது லூனா மட்டும். அதனால் மெக்கானிக் ஓட்ட, அத்தை இடது பக்கம் உட்கார, இரண்டு சீட்டு முடிந்துவிட்டது. கதாநாயகன் பின்னால் புகையில் ஓடிவந்தான். தெருமுனையில் திரும்பும்போது அத்தை தலை முக்காட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. இறங்கியதும் இறங்காததுமாக, “புள்ளைக்கி எழுதுப்பா. ரெடின்னு எழுது. எப்ப வர்றேன்னு கேளு” என்றார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினேன்.

மாமா ஊரிலிருந்து வந்த அன்று, ஆச்சரியப்படுத்தலாம் என்று மெக்கானிக்கைக் கொண்டு இன்ஜினை ஓட வைத்திருந்தேன். அவர் பையோடு தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தார். சத்தம் காதில் விழுந்ததும் நின்றுவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நேராக வந்து பூத்தின் கண்ணாடிக் கூண்டைத் திறந்து உள்ளே போனார். என்னையும் வரச் சொல்லிக் கை காட்டினார். ஓர் ஆள் நிற்கிற இடத்தில் இரண்டு பேர், முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு.

“கதவச் சாத்து.”

சாத்தினேன்.

“நல்லா கீதுப்பா சத்தம்” என்றார். “மொத சைலன்சரே நல்லாத்தான் இருந்துது.”

“அப்புறம் ஏன் மாமா?”

“அவன் வரமாட்டான்டா. அன்னிக்கி இதே போன்லதான் சொன்னான். அங்கியே ஒரு பொண்ணு. அங்கியே வூடு. இனிமே அங்கதான். அம்மா அழும், நீயே பக்குவமா சொல்லிடு நைனான்னான்.” கூண்டுக்குள் அவர் மூச்சு என் மேல் பட்டது. “பக்குவம் பாக்குறதுதான் எந்தொழிலு. ஊர்க்காரன் பாகுக்கெல்லாம் பதம் சொல்லிக்கீறேன். இத்த எந்தப் பதத்துல சொல்றதுன்னு எனக்குத் தெரியல. கார் ரெடியாவலன்னா, காராலதான் அவன் வரல. ரெடியாயிட்டா, அவனாலதான் அவன் வரல. அவ்ளோதான்டா விசயம்.”

தட்டி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

“நான் எழுதிட்டேன் மாமா” என்றேன். “ரெடின்னு.”

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதை மட்டும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த நாட்களை எப்படிச் சொல்வது. அத்தை மகன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தார். பாத்திரம் தேய்க்கிறபோது அப்படியே போய் சைலன்சரையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வந்தார். “பஸ்ல வர்ற ஆளு முன்னாலயே கெளம்பிடணும், சொல்லிட்டேன்” என்று மாமாவைச் சீண்டுவார். மாமா, “ஆவட்டும்மா” என்பார். மண்டியில் அந்த வாரம் அவர் உடைத்த உருண்டைகளை வெயிலில் வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தாராம். அங்கிருந்தவர்கள் வந்து சொன்னார்கள்.

பதில் பதினோராம் நாள் வந்தது. கார் ரெடியானதில் சந்தோஷம், வேலை அதிகம், வர முடியும் என்று தோன்றவில்லை, சும்மா கிடந்து வீணாகாமல் யாராவது கேட்டால் காரைக் கொடுத்துவிடுங்கள். நான்கே வரி. நான் அச்செடுக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் படிக்கச் சொன்னார்.

“இத்த அழிக்க எங்க அழுத்தணும்?”

காட்டினேன். அவர் விரலாலேயே அழுத்தினார்.

மறுநாள் வெயிலேறிய நேரம். தெருவில் எல்லா வீட்டிலும் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் கார் நிற்கிற கொட்டகையில் இரும்பின் மேல் இரும்பு விழுகிற சத்தம் ஐந்தாறு தடவை கேட்டது. மாமா முகம் கழுவிக்கொண்டு மண்டிக்குப் போவதைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி: பூத்துக்காரன் ஓட்டத் தெரியாமல் ஓட்டி, காரைக் கல்லின் மேல் ஏற்றி, சைலன்சரை நசுக்கிவிட்டான். மாமாவே அத்தையிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். “அந்தத் தறுதலகிட்ட சாவியக் குடுத்தது என் தப்பு” என்று கத்தியதை நானும் கேட்டேன். டீக்கடையில் என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். “லூனான்னு நெனச்சிக்கினியா?” வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடம் நான் செய்ததற்கு அது குறைவு.

அடுத்த நாள் காலை அத்தை தெருவைத் தாண்டி வந்தார். கையில் கிண்ணம் இல்லை. திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

“உக்காருப்பா. நீ ஏத்தலன்னு எனக்குத் தெரியும். நேத்து வண்டி கொட்டகைய வுட்டே வெளிய வரல.”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“ஜன்னலண்டதான் நின்னுக்கினு இருந்தேன். கீழ படுத்துக்கினு அடிச்சாரு. அடிச்சிட்டு எழுந்துக்க முடியாம, சக்கரத்தப் புடிச்சிக்கினு கொஞ்ச நேரம் அங்கியே உக்காந்துட்டாரு.” முந்தானையால் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். “அப்பதான் எனக்குப் புரிஞ்சிது, புள்ள இன்னா சொல்லியிருப்பான்னு. நான் கண்டுக்கினேன்னு இவுருக்குத் தெரிய வாணாம். தாங்க மாட்டாரு. நீயும் வாயத் தொறக்காத.”

“சரி அத்தை.”

“புள்ளைக்கி எழுதணும். எழுதுறியா?”

கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் கையை மடியில் கோத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“சைலன்சர் ஒடஞ்சி பூட்சி. வேற பாத்துக்கினு கீறாரு நைனா. நாளாவும். அதுக்குள்ள நீ அவசரப்பட்டு லீவு கீவு போட வாணாம். ஒடம்பப் பாத்துக்கோ. எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“அந்தப் பொண்ணயும் பாத்துக்கோன்னு போடலாமா? யாரோ ஒருத்தி இருப்பா இல்ல?” கொஞ்சம் யோசித்தார். “வாணாம். கேட்டா சங்கடப்படுவான். அனுப்பிடு.”

அனுப்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“இது அவங்கிட்ட போய்ச் சேர எத்தினி நாளாவும்பா?”

“சேந்துடுச்சி அத்தை. இப்பவே.”

“அதுக்குள்ளவா?” என்றார். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டைப் பார்த்தார்.